நைலான் வால்

இந்தக் குடையை எங்கே கொடுத்துச் சரிசெய்தீர்கள் சார்? சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். ஊட்டி மார்க்கெட் படிக்கட்டுக்குப் பக்கத்தில், சிவதாணு கடை. சரிதானே? பிடியில் சுற்றியிருக்கிற நூலைப் பார்த்தேன். நைலான். இந்தப் பளபளப்பு வேறு எதிலும் வராது. அவன் கடையில் நைலானைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஆளே நைலான்தான்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அவன்மேல் பொறாமையெல்லாம் இல்லை. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறேன், சாரல் அடிக்கிறது. நீங்களும் கோத்தகிரியில்தான் இறங்குகிறீர்களா? நல்லதாய்ப் போயிற்று. அங்கே என் மனைவியின் அக்கா வீடு இருக்கிறது. மனைவி அங்கேதான் இருக்கிறாள். கூட்டிவரப் போகிறேன். பதினாறு நாளாகிவிட்டது.

என் பெயர் இன்னாசி. ஊட்டி காந்தலில் வீடு. ஈ கட்டுகிறவன். இப்படிச் சொன்னால் எல்லோரும் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் பார்க்கிற மாதிரியே. இந்த மலை ஓடைகளில் டிரவுட் என்று ஒரு மீன் இருக்கிறது. மண்புழுவைக் கோத்துப் போட்டுப் பிடிப்பதை எங்கள் தூண்டில் சங்கத்துக்காரர்கள் மீன்பிடிப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தண்ணீர்மேல் பூச்சி உட்காரும்போது மீன் மேலே வந்து கவ்வும். அந்தப் பூச்சி மாதிரியே ஒன்றை, தூண்டில் முள்ளின்மேல் இறகும் முடியும் நூலும் வைத்துக் கட்ட வேண்டும். அதுதான் ஈ. முள்ளே நகக்கண் அளவுதான். அதன்மேல் உடம்பு, சிறகு, வால், கால் எல்லாம் வர வேண்டும். மீன் ஏமாற வேண்டும். மனிதனை ஏமாற்றலாம், மீனை ஏமாற்றுவது லேசில்லை.

சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஊட்டியில் ஒரே ஒரு அறை. சாவி என்னிடம் இருக்கும். காலையில் திறந்து, தூண்டில் கழிகளைத் துடைத்து, கண்ணாடி அலமாரியைத் துடைத்து வைப்பேன். அந்த அலமாரியின் நடுத்தட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. மேலே சீட்டு: ‘இன்னாசி’. இருபத்திரண்டு வருஷம் அந்தத் தட்டில் வேறு பெட்டி இருந்ததில்லை. உறுப்பினர்கள் ஓடைக்குப் போகுமுன் வந்து என் பெட்டியைத் திறந்து வேண்டியதை எடுத்துத் தொப்பியில் குத்திக்கொண்டு போவார்கள். என் பெயரைத் திறந்து மூடுகிற சத்தம் எனக்குத் தெரியும் சார். பக்கத்து அறையில் இருந்தாலும் தெரியும்.

என் ஈயில் எல்லாமே உயிரிலிருந்து வந்தது. சேவல் கழுத்து, முயல் ரோமம், பட்டு நூல், தேன்மெழுகு. வீட்டில் ஒரு சேவல் வளர்க்கிறேன். பெயர் கர்னல். அதன் கழுத்து இறகு தேன் நிறத்தில் இருக்கும், வெயிலில் பிடித்தால் ஓரம் எரிகிற மாதிரி தெரியும். கொல்ல மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை மடியில் வைத்து, தடவிக் கொடுத்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வேன். ராகியும் தயிரும் பிசைந்து வைப்பேன், குளிர் நாளில் அவித்த முட்டை. அமலோற்பவம், என் மனைவி, அமலி என்று கூப்பிடுவேன், அவள் சொல்வாள்: “மறு ஜென்மம்னு ஒண்ணு இருந்தா இந்த வீட்டுல சேவலாப் பொறக்கணுங்க.” வேடிக்கையாகத்தான் சொல்வாள்.

அவளுக்கு இதில் பெரிய வேலை ஒன்றுமில்லை. நூலுக்கு மெழுகு போட்டுத் தருவாள். கடைக்குப் போய் நூல் வாங்கி வருவாள். அப்புறம் கடைசி முடிச்சு. ஈயின் தலையில் நூலை முடிக்க வேண்டுமே, அது மட்டும். எனக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை. அவள் போட்டால் நூல் நுனி எங்கே போயிற்று என்று ஊசி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. முடிச்சுதானே சார், அதில் என்ன இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு சிக்கல் வந்தது. அவள் இடதுகைக்காரி. விட்டால் இடப்பக்கமாகத்தான் சுற்றுவாள். நான் வலப்பக்கம் சுற்றுகிறவன். ஒரே ஈயில் இரண்டு திசை வரலாமா? வலது கையால் போடு என்றேன். இரண்டு மாதம் விரலெல்லாம் முள் குத்தியது. அப்புறம் பழகிவிட்டாள்.

நூலைச் சொன்னேனே, முன்பெல்லாம் பட்டு நூல் அறுந்துகொண்டே இருக்கும். எனக்குக் கோபம் வரும், கையில் இருப்பதை விட்டெறிவேன். ஒரு எட்டு வருஷத்துக்கு முன்னால் அமலி கடையை மாற்றினாள். அதிலிருந்து அறுவதே இல்லை. அப்படி ஒரு பட்டு. நல்ல சரக்கு எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வாங்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சிவதாணு எங்கிருந்து வந்தான் என்று கேட்பீர்கள். நாகர்கோவில் பக்கம். குடை, மழைக்கோட்டு, பை ஜிப்பு, எல்லாம் ரிப்பேர். நஞ்சன் சார் என்று எங்கள் சங்கத்துச் செயலாளர், டீ ஃபேக்டரி வைத்திருந்தவர், கிழிந்த மழைக்கோட்டை அவனிடம் தைக்கக் கொடுத்திருக்கிறார். காலரில் என் ஈ ஒன்று குத்தியிருந்திருக்கிறது. இவன் அதை எடுத்துப் பார்த்திருக்கிறான். சும்மா இருந்தானா? பழைய ரப்பர் செருப்பைச் சீவி உடம்பு, குடைத்துணியில் உருவிய நைலான் இழையில் கால், சிப்ஸ் பாக்கெட் காகிதத்தை நறுக்கிச் சிறகு. கோட்டோடு சேர்த்து அதையும் கொடுத்தனுப்பியிருக்கிறான். நஞ்சன் சார் வேடிக்கையாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று மீன்.

மூன்று மீன் எதற்கும் விழும் சார். பசித்த மீன் பீடித்துண்டையும் கவ்வும்.

அடுத்த வாரம் சிவதாணு என் வீட்டுக்கே வந்தான். கையில் வாழைப்பழச் சீப்பு. மரியாதையாகத்தான் வந்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

“அண்ணாச்சி, நமக்கு இது புதுசு. கோழிமுடி ரெண்டு இணுக்கு தந்தியன்னா பாத்துப் படிச்சிக்கிடுவேன்.”

“இது கோழிமுடி இல்லை. கர்னலோட கழுத்து” என்றேன்.

“அப்படியா? அப்ப கர்னலுக்க கழுத்துல ரெண்டு இணுக்கு தாங்க.”

உள்ளே அமலி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை, சத்தமாக. அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

டீ கொண்டுவந்தாள். இடது கையில் டம்ளரை நீட்டினாள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், விருந்தாளிக்கு வலது கையால் கொடு என்று.

“மதினிக்கு இடது கைப் பழக்கமா?” என்றான். பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் மதினி. “குடைக்கம்பி கட்டுக சோலிக்கு இடது கைதான் வாகு. நாலு மாசமா அப்படி ஒரு ஆளத் தேடுதேன்.”

“அவளுக்கு வீட்டு வேலைக்கே நேரம் போதாது” என்றேன். இறகு கொடுக்கவில்லை. வாழைப்பழத்தைக் கர்னலுக்குப் போட்டேன். அது தொடவில்லை. சேவலுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு மாதத்தில் அலமாரியில் இன்னொரு பெட்டி வந்துவிட்டது. அதுவும் பிளாஸ்டிக் டப்பா. பல்பொடி டப்பா மாதிரி. சீட்டுகூட ஒட்டவில்லை. நஞ்சன் சாரே கொண்டுவந்து என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, “இருக்கட்டும் இன்னாசி, ரெண்டும் இருக்கட்டுமே” என்றார். இருக்கட்டும் என்று நானும் சொன்னேன். அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? என் பெட்டியின் மூடிச் சத்தம் குறைந்துபோயிற்று. டப்பா மூடி ‘டப்’ என்று திறக்கும். டப், டப். காலையில் நான்கு தடவை, ஐந்து தடவை. துடைக்கிற சாக்கில் அந்த டப்பாவைப் பின்னால் தள்ளி வைப்பேன். மறுநாள் முன்னால் இருக்கும். ஒருநாள் தள்ளிக்கொண்டிருக்கும்போதே நஞ்சன் சார் உள்ளே வந்துவிட்டார். ஒட்டடை என்றேன்.

பொறாமை இல்லை சார். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? பொய்யான ஒன்றால் மீனை ஏமாற்றுவது வேறு, உண்மையானதால் ஏமாற்றுவது வேறு. இதைத் தினமும் சாப்பிடும்போது அமலியிடம் சொல்வேன். அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் சொன்னாள்:

“அவரு கட்டுறது மெதக்குதாமே. உங்களுது ஊறிப்போயி அமுங்கிருதுன்னு சொல்றாங்க.”

“யார் சொன்னது?”

“சொன்னாங்க.”

“நைலானுக்கு நீ வக்காலத்தா? உன் தலையில் இருக்கிறதும் நைலான் வால்தானே” என்றேன்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். அவளுக்கு எங்கள் கல்யாணமான நான்காம் வருஷம் டைபாய்டு காய்ச்சல். முடி கொட்டிவிட்டது. அதிலிருந்து கோயிலுக்குப் போகும்போது, வெளியே போகும்போது சவுரி வைத்துக்கொள்வாள். முழங்கை நீளம். நைலான் வால் என்று நான் கேலி செய்வது புதிது இல்லை. வழக்கமாகச் சிரித்துவிட்டுப் போவாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவள் மார்க்கெட்டுக்குப் போனால் வர நேரமாகும். முன்பெல்லாம் ஒரு மணி நேரம். இப்போது மூன்று. மலர்க்கண்காட்சிக் கூட்டம், நடக்கவே இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். கண்காட்சி முடிந்தும் மூன்று மணி நேரம்தான். அப்போது அது எனக்குப் படவில்லை. என் புத்தியெல்லாம் அந்த டப்பாவில் இருந்தது.

இதோ, தொட்டபெட்டா முக்கு வந்துவிட்டது. பாருங்கள், எத்தனை டூரிஸ்ட். எல்லோர் மேலும் நைலான் கோட்டு.

மே மாதக் கடைசியில் எங்கள் சங்கத்துக்கு ஒரு போட்டி நாள் உண்டு. எமரால்டு அணை தாண்டி மேலே ஒரு ஓடை. எல்லோரும் ஜீப்பில் போய்விடுவார்கள். சாயங்காலத்துக்குள் யார் பெரிய மீன் பிடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை. அந்த மீனைப் பிடித்த ஈக்குக் கட்டினவர் வைக்கிற பெயர் சங்கத்து அறையில் இருக்கிற பலகையில் பெயின்டில் எழுதப்படும். மீன் விழாத வருஷங்கள் போகப் பலகையில் பதினொரு பெயர். ஒன்றுகூட என்னுடையது இல்லை. வெளியிலிருந்து வாங்கிவந்த ஈக்கள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று. மழை, கலங்கல், மீன் சின்னது. இருபத்திரண்டு வருஷம் நான் அந்தப் பலகையைத் துடைக்கிறேன்.

இந்தத் தடவை செயலாளருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். ஜெயிக்கிற ஈ இயற்கையான பொருளில் கட்டியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பலகையில் பெயர் கூடாது.

“எப்படிக் கண்டுபிடிக்கிறது இன்னாசி?” என்றார் நஞ்சன் சார்.

“எரித்துப் பார்க்கலாம் சார்.”

பட்டுப்புடவைக் கடையில் செய்வார்களே, பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டுவார்கள். நிஜமான பட்டு, ரோமம், இறகு என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், விரலில் நசுக்கினால் சாம்பலாக உதிரும். நைலான், பாலியஸ்டர் என்றால் உருகும், நுனியில் கடுகு மாதிரி ஒரு உருண்டை நிற்கும். அதை நசுக்க முடியாது. ஏமாற்றவே முடியாத சோதனை. கமிட்டியில் எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் ஒத்துக்கொண்டார்கள். மினிட்ஸ் நோட்டில் எழுதியும் விட்டார்கள்.

போட்டியன்று நஞ்சன் சாருக்கே பெரிய மீன் விழுந்தது. ஒன்றே முக்கால் கிலோ. வயிற்றோரம் சிவப்புப் பட்டை, அப்படி ஒரு அழகு. “எந்தப் பெட்டி சார்?” என்று கேட்டேன். அவர் மீன் வாயிலிருந்து ஈயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “டப்பாலதான் இருந்தது. ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது” என்றார்.

கறுப்பு ஈ. அவன் வழக்கமாகக் கட்டுகிற செருப்புத் துண்டு, சிப்ஸ் காகிதம் ஒன்றுமில்லை. மெல்லிய கறுப்பு இழையை வளையம் வளையமாகச் சுற்றிய உடம்பு. கழுத்தில் அதே இழையில் நான்கே நான்கு கால்கள். நான் பூதக்கண்ணாடியை எடுத்து இழையைப் பார்த்தேன். பளபளப்பு இருந்தது. நைலான்தான் என்று முடிவு செய்துவிட்டேன். சுற்று மட்டும் கண்ணுக்கு ஏதோ பழகாத மாதிரி இருந்தது. வெளிச்சம் சரியில்லை என்று கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தேன். அவ்வளவுதான்.

“எரிக்கணும்” என்றேன்.

சிவதாணு கரையில் நின்றுகொண்டிருந்தான். ஓடிவந்தான். “அண்ணாச்சி, வேண்டாம். அது நைலானுதான், நானே ஒத்துக்கிடுதேன். பலகையில பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இத மட்டும் எரிக்காதிய. வேற இல்ல.”

எதிராளி தானாகத் தோல்வியை ஒத்துக்கொள்கிறான். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். எனக்கு அது போதவில்லை சார். அந்தக் கடுகு உருண்டையை எல்லோரும் பார்க்க வேண்டும். நஞ்சன் சார் பார்க்க வேண்டும். “மினிட்ஸில் இருக்கிறது” என்றேன். இடுக்கியில் பிடித்தேன். நஞ்சன் சார் லைட்டரை நீட்டினார்.

முடி கருகுகிற நாற்றம் வந்தது.

காற்றில் எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்தேன். முள்ளில் இருந்ததை விரலில் நசுக்கினேன். உதிர்ந்தது. விரல் கறுப்பானது. உருண்டை இல்லை. சிவதாணு என் விரலையே பார்த்தான். அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை.

“மதினி நைலானுன்னுல்லா சொன்னாவ” என்றான்.

அவ்வளவு பேருக்கும் கேட்டது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவன் மதினி என்று கூப்பிடுவது என் மனைவி ஒருத்தியைத்தான்.

“யார் கட்டியது இது?” என்றேன்.

“மதினிதான். கடையில வந்து இருப்பாவ, கம்பி கட்டித் தருவாவ. உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்.”

அப்புறம் யாரோ, நியாயம்தானே, இன்னாசி ஈயையும் எரித்துப் பார்க்கலாமே என்றார்கள். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார்கள். கர்னலின் கழுத்து நன்றாகக் கருகியது, நல்ல நாற்றம். ஆனால் முள்ளில் கடைசியாகக் கடுகளவு ஏதோ ஒட்டிக்கொண்டு நின்றது. கெட்டியாக. நசுங்கவில்லை. அது மெழுகு சார். தேன்மெழுகு உருகினால் அப்படித்தான் உருண்டுகொள்ளும். நான் எவ்வளவோ சொன்னேன். நஞ்சன் சார் அதை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு ஜோபியில் வைத்துக்கொண்டார். ஞாபகத்துக்கு என்றார். எதற்கு இந்த ஞாபகமெல்லாம்?

வீட்டுக்குப் போனேன். அமலி கர்னலுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். தலையில் சவுரி இல்லை. எத்தனை நாளாக இல்லை என்று எனக்குத் தெரியவில்லை.

“அது என்ன முடி?” என்றேன்.

“என் சவுரி.”

“சவுரி நைலான்தானே.”

“நீங்க நைலான்னு சொன்னீங்க. சரின்னு விட்டுட்டேன். கல்யாணமானதுலருந்து சீப்புல வர்ற முடிய டப்பாவுல சேத்து வச்சிருந்தேன். காய்ச்சல்ல கொட்டுனதையும் சேத்து குன்னூர்ல குடுத்து சவுரி பண்ணினது. எல்லாம் என் முடிதான்.”

பத்தொன்பது வருஷம் சார். ஒரே வீட்டில், ஆணியில் மாட்டி வைத்திருக்கும். நான் ஒரு தடவைகூட எரித்துப் பார்க்கவில்லை.

“உன் முடியைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாயா?” என்றேன்.

“முடியக் குடுக்கல. ஈ கட்டிக் குடுத்தேன்.”

“என் வீட்டு முடி ஊரான் மீன் வாயில் கிடக்கிறது. வெட்கமாக இல்லையா உனக்கு?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். “அதக் கையில வாங்கிப் பாத்தீங்கல்ல? எப்படிக் கட்டியிருக்குன்னு பாத்தீங்களா?”

“என்னத்தில் கட்டியிருக்கிறது என்று பார்த்தேன்.”

“ஆமா” என்றாள். “அதத்தான் பாப்பீங்க.”

மறுநாள் காலையில் ஒரு பையோடு வாசலில் நின்றாள். “நான் போறேன்” என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவளுக்குக் கோத்தகிரி அக்காவை விட்டால் யார்? நாலு நாளில் வருவாள் என்று இருந்துவிட்டேன். மிச்சச் சவுரியை ஆணியில் தேடினேன். அதையும் எடுத்துப் போயிருந்தாள்.

இதற்குள்ளே பலகையில் பெயர் எழுதிவிட்டார்கள். நான் கொடுத்த மனுப்படியே அது இயற்கையானது, அதனால் அதுதான் ஜெயித்தது. ஈக்கு என்ன பெயர் என்று நஞ்சன் சார் கேட்டிருக்கிறார். “மதினி பேரயே போடுங்க” என்றிருக்கிறான் அவன். பன்னிரண்டாவது பெயர். ‘அமலி’. நான் வீட்டுக்குள் கூப்பிடுகிற பெயர் சார் அது. அவனுக்கு எப்படித் தெரிந்தது? தினமும் காலையில் நான்தான் கதவைத் திறக்கிறேன், நான்தான் பலகையைத் துடைக்கிறேன். பதினொன்றாவது வரைக்கும் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். அந்த வரியில் மட்டும் தூசி இருக்கிறது. யாரும் இன்னும் கவனிக்கவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள், கடைசியில் ஜெயித்தது எது? நைலானா? முடி. உயிரிலிருந்து வந்தது. நான் இருபத்திரண்டு வருஷமாக எதைச் சொன்னேனோ அதுதானே? என் கட்சிதான் ஜெயித்திருக்கிறது. இதை அவளிடம் சொல்லப் போகிறேன். சொன்னால் சந்தோஷப்படுவாள்.

அவளுக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன். இந்தப் பொட்டலம்தான். புதுச் சவுரி. சுத்தமான முடி என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். உங்களிடம் தீப்பெட்டி இருக்குமா? ஒரே ஒரு இழை, ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிடலாம். சிகரெட் பழக்கம் இல்லையா? நல்லது. இருக்கட்டும். கோத்தகிரியில் இறங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

கட்டபெட்டு வந்துவிட்டது. மெல்ல, மெல்ல, பாருங்கள், டிரைவர் எப்படி பிரேக் போடுகிறான். உங்கள் குடை விழுந்துவிட்டது. இருங்கள், நான் எடுக்கிறேன். இந்தாருங்கள்.

இருங்கள்.

கொஞ்சம் கொடுங்கள் சார். இல்லை, நூலை இல்லை. நைலான்தான், அதை அப்போதே பார்த்துவிட்டேன். கட்டைவிரலை இப்படி ஓட்டினால் வழக்கமாக நகத்தில் தட்டும். இது தட்டவில்லை. மறுபக்கம் ஓட்டினால் தட்டுகிறது. இடப்பக்கம் சுற்றியிருக்கிறது. நுனி எங்கே? நுனி இல்லை.

இதை எப்போது கொடுத்து வாங்கினீர்கள்? போன மாதமா? முந்தாநாளா? முந்தாநாள் என்றால் முந்தாநாளேதானா?

கடையில் சிவதாணுவைத் தவிர வேறு யாராவது இருந்தார்களா? ஒரு பெண்பிள்ளை? நெட்டையாக, தலைமுடி கொஞ்சமாக. சவுரி வைத்திருந்தாளா? இல்லையா? வெறும் தலையோடா? அப்படியே, கடை வாசலிலா, எல்லோரும் பார்க்க?

என்ன செய்துகொண்டிருந்தாள்? பாடிக்கொண்டு வேலை செய்தாளா? வேறு யாரையோ சொல்கிறீர்கள். அவள் பாட மாட்டாள் சார். எனக்குத் தெரியாதா?

எந்தக் கையால் வேலை செய்தாள்?

சரி.

ஓரம் விடுங்கள், நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். எதிர்ப்பக்கம் ஊட்டி பஸ் நிற்கிறது பாருங்கள். சார், ஒரு உதவி. முன்பின் தெரியாதவன் கேட்கிறேன். இந்தக் குடையை எனக்குக் கொடுங்கள். அந்தக் கடைக்கு நான் என்ன சொல்லிக்கொண்டு போவது? மனைவியைத் தேடி வந்தேன் என்று அவன் முன்னால் எப்படி நிற்பது? குடை ரிப்பேர் என்றால் நிற்கலாம். அவள் வாங்கிப் பார்த்துத்தானே ஆக வேண்டும். பார்த்தால் என்னையும் பார்ப்பாள். விலாசம் சொல்லுங்கள், நாளைக்கே கோத்தகிரிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். நனையாமல் போக என் தொப்பியை வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் குத்தியிருக்கிற ஈ கர்னலுடையது, கை ஜாக்கிரதை.

ஒரே ஒரு கம்பியைத்தான் ஒடிக்கிறேன். இதோ, இதை. பயப்படாதீர்கள் சார், கட்டின இடமே தெரியாது. அவள் கட்டினால் நுனி தெரியாது.